ஜெனீவா கேட்காத கேள்வி

டகெட் மில் ஊருக்கு மலையிலிருந்து இறங்கி வரும் நடைக்காரர்கள் கண்ணில் முதலில் படுவது ஜெனீவா ஸ்டில்ட்னரின் வீடுதான். மலைத்தொடரின் நீளத்துக்கும் தெற்கு வடக்காக ஓடும் நெடும்பாதை, காக்கைக் கணவாயில் தார்ச்சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபடி காட்டுக்குள் போய்விடும். ரொட்டி தீர்ந்தவர்களும் கால் கொப்பளித்தவர்களும் மட்டும் அந்தச் சாலையைப் பிடித்து ஊருக்குள் இறங்குவார்கள். மாதக்கணக்காக முகடுகளிலேயே நடந்து, தாடியும் சேறும் வியர்வை நாற்றமுமாக வருவார்கள். வசந்தத்தில் வருகிறவர்கள் வடக்கே போகிறவர்கள். இலை பழுக்கும் காலத்தில் வருகிறவர்கள் தெற்கே போகிறவர்கள்.

யார் வந்தாலும் ஜெனீவா வராந்தாவுக்கு வந்து நிற்பாள்.

"வாங்க, வாங்க. மொதல்ல பூட்ஸை அங்கயே கழட்டிடுங்க. அந்த நாத்தத்துக்கு எங்க வீட்டு நாயே போன வருஷம் வீட்டைவிட்டு ஓடிருச்சு."

வராந்தாவில் நீள மேசை. அதில் சோள ரொட்டி, பன்றிக்கறி போட்டு வேகவைத்த பீன்ஸ், காலம் இருந்தால் தக்காளி, இல்லாவிட்டால் ஊறுகாய். தின்றுவிட்டு எழுந்தால் ஊருக்குள் மிச்ச உபசாரம் காத்திருக்கும். இரும்புக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் துணி துவைக்கும் மிஷின் வைத்திருந்தார். முடிதிருத்துகிறவர் தாடியைச் சும்மாவே மழித்துவிடுவார். தபாலாபீஸ் அம்மாள் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்சலை எடுத்துத் தருவாள். தேவாலயத்துக் கூடத்தில் படுக்கை, காலையில் சபையார் கையால் பலகாரம். டகெட் மில்லில் ஒரு நாள் தங்காமல் போகாதே என்று நடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள்.

ஊர் எப்போதும் அப்படி இருந்ததில்லை. இத்தனை உபசாரமும் தொடங்கியது ஒருவன் காணாமல் போனதிலிருந்துதான். ஊரில் அதை யாரும் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை.

அவன் பெயர் நோலன் ப்ரீஸ். நடைக்காரர்கள் சொந்தப் பெயரை வீட்டில் வைத்துவிட்டு வேறொரு பெயரோடுதான் நடப்பார்கள். இவனுக்கு மரக்கரண்டி என்று பெயர். தோள்பையில் ஒரு மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அது அடிக்கு அடி டக், டக் என்று பையில் தட்டும். அது செப்டம்பர் மாதம். ஜெனீவாவின் புருஷன் ஆர்வில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வாயாடி. வழியில் எந்த நடைக்காரனைப் பார்த்தாலும் வண்டியில் ஏற்றிக்கொள்வான். அன்றைக்கு கடைவாசலில் உட்கார்ந்திருந்தவனை நேராகச் சமையலறைக்கே கூட்டிவந்துவிட்டான்.

"ஜெனீவா, இந்தா ஒரு எலும்புக்கூடு புடிச்சிட்டு வந்திருக்கேன். இதுக்கு ஏதாவது போடு."

எலும்புக்கூடு சிரித்தது. ஜெனீவா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்காமலேயே எதிரில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து உரித்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். வெளியே மேகம் மலையைவிட்டு இறங்கிக் கொல்லை வேலிவரை வந்திருந்தது.

"இந்த மூட்டத்துல போகாதப்பா. ராத்திரி இங்க படு" என்றாள் ஜெனீவா.

"இல்லம்மா. பின்னாடி குளிர் தொரத்திட்டு வருது. அதுக்கு முன்னால போய்ச் சேரணும்."

ஆர்வில் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவாய்க்குப் போனான். போய் வர அரைமணி ஆகும். அன்றைக்கு அவன் திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. முட்டிவரை சேறு. இரண்டு கையிலும் கீறல், நகத்துக்கடியில் கருமண்.

"எங்க போன இவ்ளோ நேரம்?"

"டயர் வெடிச்சிருச்சு."

ஜெனீவா சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். மறுநாள் காலையில் கோழிக்குத் தீவனம் போடப் போனவள் வண்டியைப் பார்த்தாள். நான்கு டயரும் பழசாக, காய்ந்த சேற்றோடு அப்படியே இருந்தன. மாற்று டயர் வண்டிக்குப் பின்னால் துருப்பிடித்த கொக்கியில், கழற்றப்படாமல் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்து காப்பி போட்டாள். எதுவும் கேட்கவில்லை. அப்போது கேட்பதற்குக் காரணமும் இல்லை. ஆம்பளை ஒருத்தன் ஏதோ பொய் சொல்கிறான், எங்கோ குடித்திருப்பான் என்றுதான் நினைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஷெரீஃப் வந்தார். மரக்கரண்டி அடுத்த ஊருக்கு வரவில்லை. பாதையோரம் நடைக்காரர்கள் படுக்கும் அடுத்த குடிசையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. கடைசியாக அவனைப் பார்த்தவன் ஆர்வில் ஸ்டில்ட்னர்.

ஆர்வில் அவருக்கும் அதையேதான் சொன்னான். கணவாயில் இறக்கிவிட்டேன். ஒரே மூட்டம். பையன் மரங்களுக்குள் போனான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திரும்பும்போது டயர் வெடித்தது. ஷெரீஃபும் குனிந்து வண்டியைப் பார்த்தார். நிமிர்ந்து ஜெனீவாவைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

நாய்களைக் கொண்டுவந்து மலையில் சில நாள் தேடினார்கள். மழை பெய்து வாசனை போயிருந்தது. அதற்கப்புறம் தேடல் மலையைவிட்டு இறங்கி ஸ்டில்ட்னர் வீட்டுக்கு வந்துவிட்டது. கிணற்றை இறைத்தார்கள். பன்றிக்கொட்டிலைத் தோண்டினார்கள். ஜெனீவா ஊறப்போட்டு அலசிய சட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வழக்கும் போடவில்லை. வழக்குப் போட்டிருந்தால் ஏதோ ஒரு பக்கம் முடிந்திருக்கும்.

நடைக்காரர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. டகெட் மில்லில் இறங்காதே. அங்கே ஒருவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான், திரும்ப மாட்டாய். ஊர்க் கடைகள் காய்ந்தன. அடுத்த வசந்தத்தில் கணவாயிலிருந்து யாருமே இறங்கவில்லை. இறங்கிய ஒன்றிரண்டு பேரும் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். அப்போதுதான் ஜெனீவா ஒரு பானைத் தண்ணீரும் ஒரு கூடை ஆப்பிளும் கொண்டுபோய் கணவாயில் வைத்தாள். பிறகு ரொட்டி கொண்டுபோனாள். கடைசியில் மேசையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டாள். பாதிரியார் அதைப் பார்த்துத் தேவாலயக் கூடத்தைத் திறந்தார். இரும்புக்கடைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் வியாபாரம் வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல ஊரே கைநீட்டி அழைக்கும் ஊராக மாறியது. ஜெனீவாவுக்கு மனசு பெரிய மனசு என்றார்கள். அவள் எதற்காகச் செய்கிறாள் என்பதை அவள் தனக்குத்தானேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்த வாக்கியம் ஆர்வில் செய்தான் என்று முடியவேண்டியிருந்தது.

ஆர்விலின் பேச்சு நின்றுபோனது. ஆனால் வண்டி ஓட்டுவதை அவன் விடவில்லை. நடைக்காரர்களை ஏற்றினான். தனி ஆளாக யாரையும் ஏற்றமாட்டான், இரண்டு பேராவது வேண்டும். கண்ணாடிகளை இறக்கியே வைத்திருப்பான், மழையானாலும். கணவாய்க்குப் போகும்போது தபாலாபீஸ் திருப்பத்தில் ஒரு முறை ஹாரன் அடிப்பான். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை. எவ்வளவு நேரத்தில் போனான், எவ்வளவு நேரத்தில் வந்தான் என்று ஊர் கேட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக. ஊருக்கு அது பழகிப்போய், அந்தச் சத்தத்தை வைத்து அடுப்பில் பாத்திரம் ஏற்றுகிறவர்கள்கூட உண்டு.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவன் தொப்பியைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு பொண்ணு. தனியா. மழைல நனைஞ்சு கைகாட்டுச்சு. நான் நிறுத்தாம வந்துட்டேன், ஜெனீவா. கண்ணாடில பாத்தேன், கையை எறக்காம நின்னுட்டே இருந்துச்சு."

அவன் அழுதான். ஜெனீவா துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடி நடந்தே போனாள். புருஷன் தோளில் கை வைக்கவில்லை. அவன் வண்டியில் அவள் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். ஞாயிறு ஆராதனைக்கு, "நடந்தா எனக்கு நல்லது" என்று நடந்தே போவாள். ஆர்வில் வற்புறுத்தியதில்லை. ஒரு குளிர்காலத்தில் இருமல் என்று சொல்லிப் பின்னறையில் படுக்க ஆரம்பித்தான். இருமல் நின்ற பிறகும் அங்கேயே படுத்தான்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து எதிரில் நிற்கும். நோலனின் அக்கா லொரெய்ன். காருக்குள்ளேயே உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வருஷம் மட்டும் இறங்கிவந்து வேலியோரம் நின்று கேட்டாள்.

"என் தம்பிய என்ன பண்ண?"

"கணவாய்ல எறக்கிவிட்டேம்மா" என்றான் ஆர்வில். "அவ்ளோதாம்மா எனக்குத் தெரியும்."

அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஜெனீவா சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எச்சில் காய்கிறவரை ஆர்வில் வேலியண்டையே நின்றிருந்தான்.

மரத்தூள் நுரையீரலை அடைத்து ஆர்வில் படுக்கையில் விழுந்தான். கடைசி நாள்களில் பேச மூச்சு போதவில்லை. ஒரு மத்தியானம் ஜெனீவா அவனுக்கு ஈரத்துணியால் நெற்றி துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான்.

"அன்னிக்கு டயர் வெடிக்கல."

"தெரியும்" என்றாள் அவள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காத்திருந்தான். அவளுக்கு அது புரிந்தது. ஒரு வார்த்தை, எங்கே போயிருந்தாய் என்று ஒரு வார்த்தை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்றும் தெரிந்தது. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் எங்கே போய் இருப்பாள்?

"தூங்கு, ஆர்வில்" என்றாள்.

அவன் கையை விட்டான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஊர் வந்தது. கையில் சாப்பாட்டோடு வந்தது, வழக்கப்படி. பாதிரியார் ஆர்விலைப் பற்றி உழைப்பாளி என்று மட்டும் சொன்னார். ஜெனீவாவின் தம்பி ஹார்லெஸ் சவப்பெட்டியைத் தூக்கினான். குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மச்சான்மேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள்.

சில வருஷங்கள் வீடு வெறும் வீடாக இருந்தது. செத்துப்போனவன் வருவான், வந்து கட்டிலருகே நிற்பான் என்று அவள் பயந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னறை மரத்தூள் வாசனையைக்கூட இழந்துவிட்டது. அவள் சமைத்தாள், பரிமாறினாள், தட்டு கழுவினாள். சாம்பல் நிறக் கார் மட்டும் அப்போதும் வந்தது. இப்போது உள்ளே இருந்தவளுக்கு முடி நரைத்திருந்தது.

பிறகு, கரடி வேட்டைக்காரர்களின் நாய்கள் ஒரு கரடியைத் துரத்திக்கொண்டு காக்கைக் கணவாயின் வடகிழக்குச் சரிவில் ஒரு புதருக்குள் நுழைந்தன. வெட்டிய மரங்களை இறக்கப் போட்ட பழைய மரவண்டிப் பாதைக்குக் கீழே, மனிதன் தவழ்ந்துகூடப் போகமுடியாத அளவுக்குப் பின்னிக்கிடக்கும் ரோடோடெண்ட்ரான் காடு அது. நாய்களை வெளியே இழுக்கப் போனவர்கள், கயிற்றில் மரக்கரண்டி தொங்கிய ஒரு தோள்பையைக் கண்டார்கள். பிறகு எலும்புகளை.

ஷெரீஃப் வந்தார். பழைய ஷெரீஃப் இல்லை, அவருக்குப் பின் வந்தவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றார்.

"மூட்டத்துல மரவண்டிப் பாதைய நெடும்பாதைன்னு நெனச்சுத் திரும்பிட்டான் போல, ஜெனீவாம்மா. பாறையில இருந்து விழுந்திருக்கான். தொடை எலும்பு ரெண்டா ஒடஞ்சிருக்கு. அந்தக் காலோடவே கூடாரத் துணியப் போத்திக்கிட்டு, அடுப்பு பத்தவெச்சு, கொஞ்ச நாள் இருந்திருக்கான். யாரும் அவனை ஒண்ணும் பண்ணல."

"கொஞ்ச நாளா?"

"ஆமாம்மா."

அந்தக் கொஞ்ச நாளில்தான் அவர்கள் இங்கே பன்றிக்கொட்டிலைத் தோண்டிக்கொண்டிருந்தார்களா, இல்லை, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா என்று அவள் கேட்கவில்லை. ஷெரீஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டு போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்றாள். அடுப்பில் பீன்ஸ் தீயும் நாற்றம் வந்துதான் உள்ளே போனாள்.

அந்த வாரத்தில்தான் ஆர்வில் வர ஆரம்பித்தான்.

கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னறைக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் அழுந்தியிருக்கும். சமையலறையில் திரும்பினால் இப்போதுதான் யாரோ வாசலைவிட்டுப் போன மாதிரி காற்று அசையும். விளக்கேற்றும் நேரத்தில் தபாலாபீஸ் பக்கமிருந்து ஹாரன் கேட்கும். ஒரு முறை மட்டும். போகும்போது அடிக்கிற ஹாரன். அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நின்று காத்திருப்பாள். திரும்பும்போது அடிக்கிற ஹாரன் கேட்பதே இல்லை.

மூளை கலங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். வண்டியை எப்போதோ விற்றாகிவிட்டது. ஒரு சாயங்காலம் மேசையில் தெற்கே போகிற நடைக்காரர்கள் சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், டகெட் மில்லுக்கு முதல்முறை வந்தவள், ஆர்வில் என்ற பெயரையே கேட்டிராதவள், ரொட்டியைப் பிட்டவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"ஜெனீவாம்மா, அந்தத் திருப்பத்துல யாரோ உங்களுக்கு ஹாரன் அடிக்கிறாங்க."

பக்கத்திலிருந்தவன், "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றான்.

"கேட்டுச்சுப்பா. பழைய வண்டி ஹாரன் மாதிரி."

ஜெனீவா கரண்டியை மேசையில் வைத்தாள். "கிழட்டு வண்டிங்க நெறைய ஓடுது இந்த ரோட்டுல" என்றாள். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தடவை சாம்பல் நிறக் கார் வந்தபோது லொரெய்ன் இறங்கினாள். வேலிக்கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறினாள். ஜெனீவா போய்த் திறந்துவிட்டாள். இரண்டு கிழவிகளும் காலியான மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"நான் அவர் மேல துப்பினேன்" என்றாள் லொரெய்ன்.

"பாத்தேன்."

"யார்கிட்டப் போய் மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்கிட்டக் கேக்காதீங்க" என்றாள் ஜெனீவா. "நீங்களாச்சும் அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க. அவர் பதில் சொன்னாரு. நான் அதுகூடக் கேக்கல. ஒரே வீட்ல இருந்தேன். சோறு போட்டேன். இவன்தான் செஞ்சான்னு நெனச்சுக்கிட்டே போட்டேன்."

லொரெய்ன் மேசைமேல் கையை நீட்டினாள். ஜெனீவா அதைப் பிடிக்கவில்லை. எழுந்து, அவளுக்கு ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். லொரெய்ன் அழுதுகொண்டே சாப்பிட்டாள். போகும்போது ஆர்விலின் கல்லறை எங்கே என்று வழி கேட்டுக்கொண்டு போனாள்.

ஆனாலும் ஒன்று ஜெனீவாவைக் குடைந்துகொண்டே இருந்தது. கொல்லவில்லை, சரி. டயரும் வெடிக்கவில்லை. அப்படியானால் அந்தச் சாயங்காலம் எங்கே இருந்தான்? கையில் ஏன் கீறல், நகத்தில் ஏன் மண்? கொலை செய்யாதவன் எதற்காக ஒரு பொய்யை வாழ்நாளெல்லாம் சுமந்தான்? பின்னறை வாசலில் நின்று அவளே அதைச் சத்தமாகக் கேட்டாள், பட்டப்பகலில். கட்டிலில் போர்வை அழுந்தியபடியே கிடந்தது.

பதிலை ஹார்லெஸ் கொண்டுவந்தான். எலும்பு கிடைத்ததிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு காலையில் கொல்லைவழியாக வந்து, சமையலறைப் படியில் உட்கார்ந்தான். குடித்திருக்கவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி இருக்க. உள்ள வா."

"உள்ள வரல, அக்கா. சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கூப்புடு, முடிஞ்சா." அவன் படியைப் பார்த்தே பேசினான். "அன்னிக்கு மச்சான் என்கூட இருந்தாரு."

ஜெனீவா கதவருகே வந்தாள்.

"சர்க்கார் காட்டுல ஜின்செங் வேர் திருட்டுத்தனமா தோண்டிட்டிருந்தேன், மருந்துக்கு நல்ல வெல போவும். கணவாய்க்கு அந்தாண்ட சரிவுல. முந்துன வருஷம் அதுக்குத்தான் புடிபட்டேன், ஞாபகம் இருக்கா? மறுபடி ஒருவாட்டி புடிபட்டா ஜெயிலுன்னு ஜட்ஜு சொல்லிருந்தாரு. பையன் பொறந்து பத்து நாள்கூட ஆகல. வேர் மூட்டைய எறக்க வண்டி வேணும்னு மச்சானைக் கேட்டேன். அந்தப் பையனை எறக்கிவிட்டுட்டு நேரா என்கிட்டத்தான் வந்தாரு. ரெண்டு பேரும் இருட்டற வரைக்கும் தோண்டினோம். முள்ளு கிழிச்சிருச்சு கையெல்லாம்."

"ஷெரீஃப் வந்தப்ப?"

"கால்ல விழுந்தேன். சொல்லாதீங்க மச்சான்னு. ரெண்டு நாள்ல அந்தப் பையன் கெடச்சிருவான், எல்லாம் தானா அடங்கிரும்னு நெனச்சோம். கெடைக்கல. அப்புறம் கேஸு முத்திருச்சு. இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னீங்கன்னுவாங்கன்னு மச்சான் சொன்னாரு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"எனக்கு? எனக்கு ஏன் சொல்லல?"

"நான்தான் கெஞ்சினேன். உனக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஷெரீஃப் வீட்டுக் கதவைத் தட்டிருப்ப. புருஷனுக்காகத் தம்பிய விட்டுக் குடுத்திருப்ப. உன்னைப் பத்தித் தெரியாதா எங்களுக்கு?"

அது உண்மைதான். அவளுக்கே அது உண்மை என்று பட்டது.

ஹார்லெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரு நாள் கேட்டேன் மச்சான்கிட்ட. அக்காகிட்டயாச்சும் சொல்லிடுவோமான்னு. அவரு என்ன சொன்னாருன்னா, 'நானா போய்ச் சொல்லமாட்டேன்டா, உனக்குக் குடுத்த வாக்கு. ஆனா அவ கேட்டான்னா பொய் சொல்லமாட்டேன். அவ மூஞ்சியப் பாத்து என்னால பொய் சொல்லமுடியாது. கேப்பா. என்னிக்காவது கேப்பா'ன்னாரு."

கோழிகள் படிக்குக் கீழே சீய்த்துக்கொண்டிருந்தன. ஜெனீவா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டயர் பொய் என்று தெரிந்த முதல் காலையிலிருந்து, ஈரத்துணியோடு நின்ற அந்தக் கடைசி மத்தியானம்வரை, எத்தனை சாப்பாடு, எத்தனை குளிர்காலம். ஒவ்வொன்றிலும் அவன் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, கேட்பாள், இன்றைக்குக் கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்குச் சொல்லு" என்றாள். 

"சொல்றேன், அக்கா."

"எனக்குச் சொன்ன மாதிரியே. நின்னுக்கிட்டு."

ஞாயிறு காலையில், தேவாலயக் கூடத்தில் நடைக்காரர்களுக்குப் பலகாரம் போடும் நேரத்தில், ஹார்லெஸ் எழுந்து நின்று சொன்னான். ஊர்க்காரர்கள் பாத்திரங்களைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். முடிதிருத்துகிறவர் வெளியே போய்விட்டார். தபாலாபீஸ் அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் முடித்தான். ஒரு மூலையில் இருந்த இளம் நடைக்காரர்கள் சிலர், ஏதோ குடியை விட்டவன் சாட்சி சொல்கிறான் என்று நினைத்து, மரியாதைக்காகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் கூடத்தில் தனியாக ஒலித்து அடங்கியது.

பாதிரியார் பிறகு ஜெனீவாவிடம் வந்தார். நடைக்காரர்கள் வண்டிக்குக் காத்திருக்கும் இடத்தில் ஆர்வில் பெயரில் ஒரு பெஞ்சு போடலாம் என்று ஊர் பேசுவதாகச் சொன்னார்.

"அவரு உயிரோட இருந்தப்ப பக்கத்துல ஒக்கார ஆள் இல்ல" என்றாள் ஜெனீவா. "இப்ப பெஞ்சு எதுக்கு?"

பெஞ்சு போடவில்லை.

அடுத்த வாரம் ஹார்லெஸ் அக்கா வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வருகிற கொல்லை வழியில் வரவில்லை. தெருப்பக்கம் வேலிக்கதவைத் திறந்துகொண்டு, தயங்கித் தயங்கி வந்தான். ஜெனீவா வராந்தாவில் நின்றிருந்தாள். அவள் விரட்டுவாள் என்று எதிர்பார்த்தான். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தான்.

"வாங்க" என்றாள் அவள். "ஒக்காருங்க. சாப்பிடுறீங்களா?"

ஹார்லெஸ் திகைத்து நின்றான். பின்னால் யாராவது நடைக்காரர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

"அக்கா..."

"சூடா ரொட்டி இருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க."

அவன் பிறந்தபோது அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். அம்மா போனபின் சோறு ஊட்டியவள். வாடா போடா, தடியா, உருப்படாதவனே என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயிலிருந்து அவனுக்கு வந்ததில்லை. அவன் மேசையில் உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள், பீன்ஸ் போட்டாள், தண்ணீர் வைத்தாள். குறை ஒன்றுமில்லை. வழியில் போகிற எவனுக்கும் செய்கிற எல்லாவற்றையும் செய்தாள்.

"அக்கா, திட்டு. நாலு அறை விடு. இப்படிக் கூப்பிடாத."

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா? போதுமா?"

அவனுக்கு உணவு இறங்கவில்லை. ஆனாலும் தட்டைக் காலி செய்தான். எழுந்து போய்க் கழுவி, மற்ற தட்டுகளோடு கவிழ்த்து வைத்தான்.

அதற்கப்புறம் அவன் வாராவாரம் வந்தான். வராமலிருக்க அவனால் முடியவில்லை. சில நாள் நடைக்காரர்களுக்கு நடுவில் உட்காருவான். எங்கேயிருந்து நடக்கிறீர்கள் என்று அவர்கள் அவனைக் கேட்பார்கள். நான் இந்த ஊர்தான் என்பான். ஜெனீவா எல்லோருக்கும் ஒரே கரண்டியால், ஒரே அளவில் போடுவாள். அவனிடம் ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை, ஒரு தடவையும் நீ என்றதில்லை.

மலையில் பனி விழுந்து பாதை மூடியது. கடைசி நடைக்காரர்களும் போய்விட்டார்கள். நீள மேசையை உள்ளே இழுத்துப்போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஹார்லெஸுக்கு மட்டும் தட்டு வைத்தாள். வெளிச்சம் மங்குகிற நேரம். அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நடுவில் நின்றது. தபாலாபீஸ் திருப்பத்தைப் பார்த்த சன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, மூச்சுகூட விடாமல் நின்றாள். ஹார்லெஸும் காதைத் தீட்டினான். அவனுக்குப் பனிக்காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அது யாருக்காகவோ காத்திருக்கிற முகம். இந்த நேரத்துக்கு அந்தத் திருப்பத்தில் கேட்கும் பழைய ஹாரன் அவன் நினைவுக்கு வந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக. "மச்சான் வர்றாரா?"

அவள் சன்னலைவிட்டுத் திரும்பினாள். பிறகு ரொட்டியை வெட்டி முடித்து, பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள். "ஆறிடப்போவுது."